மலேரியாத் தடுப்பு மாத்திரை: நாற்பதா, பத்தொன்பதா, எட்டா?

ஆப்பிரிக்காவுக்குப் புறப்படுகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறப்பதில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பாண்டு போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். அட்டை இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மலேரியாவுக்கு அப்படி அட்டை எதுவும் கிடையாது. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அதனால் அது பயணப் பட்டியலில் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் கீழே போய்விடுகிறது. வேலை கிடைத்து நான் முதன்முறை உகாண்டாவுக்குப் போனபோதும் பெட்டியில் இரண்டு கிலோ சாம்பார்ப் பொடி இருந்தது, ஒரு தடுப்பு மாத்திரைகூட இல்லை.

நம்மில் பலருக்கு ஒரு வீண் தெம்பு வேறு. "சென்னையில் பார்க்காத மலேரியாவா? சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது" என்பார்கள். சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு பெரும்பாலும் பரப்பியது வைவாக்ஸ் வகை மலேரியாவை. அது ஆளை வாட்டும், குளிரில் நடுங்க வைக்கும். உயிரைப் பறிப்பது குறைவு. சகாராவுக்குத் தெற்கே கோலோச்சுவது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. 2023இல் உலகெங்கும் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்ததாகவும், 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நோயாளிகளில் நூற்றுக்கு 94 பேர் ஆப்பிரிக்கப் பகுதியில் இருந்தவர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து, திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டவர்களுக்கு ஓர் அரைகுறை எதிர்ப்புச் சக்தி உண்டு. அதுவும் சில ஆண்டுகள் வெளியூரில் இருந்தால் கரைந்துவிடும். சின்ன வயதில் ஒருமுறை வந்த வைவாக்ஸ் அங்கே கவசமாகாது. (நம் ஊர் ஸ்டீபன்சி 2012இல் ஜிபூட்டியில் காணப்பட்டு, பிறகு எத்தியோப்பிய நகரங்களிலும் குடியேறிவிட்டது. ஏற்றுமதியில் தெற்காசியா சோடை போகவில்லை.)

சரி, என்ன மாத்திரை? ஆப்பிரிக்கப் பயணம் என்று மருத்துவரிடம் போனால் பேச்சு பெரும்பாலும் மூன்று மருந்துகளில் வந்து நிற்கும்: டாக்ஸிசைக்ளின், அடோவாகுவோன்-புரோகுவானில், மெஃப்லோகுயின். மூன்றுமே சரியாகச் சாப்பிட்டால் ஃபால்சிபாரத்தை நன்றாகத் தடுக்கக்கூடியவை. பாதுகாப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாதபோது எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் எண்ணிப் பார்ப்பது மாத்திரைகளை.

பத்து நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். டாக்ஸிசைக்ளின் தினம் ஒன்று, 100 மில்லிகிராம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகு நான்கு வாரம் தொடர வேண்டும். ஆக 2, 10, 28, மொத்தம் நாற்பது. அடோவாகுவோன்-புரோகுவானிலும் தினம் ஒன்றுதான், ஆனால் திரும்பிய பிறகு ஏழு நாள் போதும். 2, 10, 7, மொத்தம் பத்தொன்பது. மெஃப்லோகுயின் வாரத்துக்கு ஒன்று, 250 மில்லிகிராம். இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். போவதற்கு முன் இரண்டு, அங்கே இரண்டு, வந்தபின் நான்கு, ஆக எட்டு.

எட்டுதான் லாபம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பார்க்க வேண்டியது வாலை, அதாவது ஊர் திரும்பிய பிறகு சாப்பிட வேண்டிய பகுதியை. கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கே பெருகிய பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்லோகுயினும் வாசலில் நிற்கும் காவலாளிகள். கிருமி ரத்தத்துக்கு வந்தால்தான் பிடிப்பார்கள். கடைசி நாள் இரவில் கடித்த கொசுவின் கிருமி எப்போது வெளியே வந்தாலும் பிடிக்கவே அந்த நான்கு வாரக் காவல். அடோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலுக்குள்ளேயே புகுந்து ஃபால்சிபாரத்தை அடிக்கிறது. அதனால் ஏழு நாளில் வேலை முடிகிறது.

இருபத்தெட்டு நாள் என்பது காகிதத்தில் சின்ன எண். ஊர் திரும்பியவருக்கு அது பெரிய மலை. அம்மா கையால் சாப்பாடு, சொந்தக்காரர் கல்யாணம், வங்கி வேலை, வீட்டு வரி. பத்தாம் நாளில் மாத்திரை அட்டை சூட்கேஸ் பையிலேயே கிடக்கும். அங்கே கொசுவலைக்குள் படுத்து ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்கள், இங்கே வந்து "இனி எதற்கு?" என்று நிறுத்திவிட்டுப் படுக்கையில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். குறுகிய பயணத்துக்கு அடோவாகுவோன்-புரோகுவானில் என்று நான் சொல்வது அதன் திறமைக்காக மட்டும் அல்ல. நம் மறதியின் அளவுக்கு ஏற்ற வால் அதற்குத்தான் இருக்கிறது.

இடைஞ்சல் அதன் விலை. டாக்ஸிசைக்ளினோடு ஒப்பிட்டால் பல மடங்கு. எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்க வேண்டும். கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ சாப்பிட்டால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் பணம் பாதி வீண். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மற்றபடி வயிற்றுக் கலக்கம், தலைவலி என்று சில்லறைத் தொந்தரவுகளோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

டாக்ஸிசைக்ளின் ஏழையின் தோழன். எங்கும் கிடைக்கும், விலை மலிவு; கூடுதல் வரவாக எலிக் காய்ச்சல் போன்ற சிலவற்றிலிருந்தும் ஓரளவு காப்பாற்றும். ஆனால் அது மரியாதை எதிர்பார்க்கும் மாத்திரை. கம்பாலாவில் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. இருட்டில் தண்ணீர்க் குப்பியைத் தேடச் சோம்பல்பட்டு, டம்ளர் அடியில் இருந்த ஒரு மடக்கோடு கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்தேன். விடியும்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் தணலை வைத்த மாதிரி எரிச்சல். மாரடைப்போ என்று நடுங்கிப்போனேன். கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கியிருக்கிறது. அடுத்த நான்கு நாளும் எச்சில் விழுங்குவதற்கே மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறிய கஞ்சிதான் ஆகாரம். சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கப் போகிற நேரம் இதற்கு உகந்த நேரம் அல்ல. இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலநீக்கி இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

வெயிலும் இதற்குப் பகை. மாநிறத் தோல்தானே, நமக்கென்ன என்று இருந்தால் மூக்கும் காதும் தோலுரிந்துவிடும். பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று வரலாம். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது.

மெஃப்லோகுயின் பற்றிப் பேசினால் அறையில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். வாரம் ஒன்று என்பது பெரிய சௌகரியம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்தோடு முடிந்துவிடும். கர்ப்பிணி ஒருவர் மலேரியாப் பகுதிக்குப் போயே ஆக வேண்டும் என்றால், மருத்துவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மருந்தும் இதுதான். (பயணத்தையே தள்ளிப்போடச் சொல்வதுதான் முதல் ஆலோசனை, கர்ப்பத்தில் ஃபால்சிபாரம் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொல்லக்கூடியது.) ஆனால் சிலருக்கு இது மூளையைக் கலைக்கிறது. பயங்கரக் கனவு, தூக்கமின்மை, பதற்றம், தலைசுற்றல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதற்குக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை போட்டது. தலைசுற்றல் போன்ற பாதிப்புகள் சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்றது. மனச்சோர்வு, பதற்ற நோய், வலிப்பு ஆகியவை இருந்தவர்களுக்கு இது கூடாது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் பரிந்துரைப்பதில்லை. நம் ஆட்களிடம் இங்கேதான் சிக்கல். சர்க்கரை இருக்கிறதா என்றால் உடனே சொல்வோம். பழைய மனச்சோர்வை மருத்துவரிடம்கூடச் சொல்ல மாட்டோம். இந்த மருந்து விஷயத்தில் அந்த மறைப்பு ஆபத்து. இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரிலேயே தெரிந்துவிடும், மருந்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதும்தான்.

நீண்ட காலம் தங்குகிறவர்களின் கணக்கு வேறு. இந்திய அரசின் மலேரியா வழிகாட்டுதல் ஆறு வாரத்தில் கோடு போடுகிறது. அதற்குள் என்றால் டாக்ஸிசைக்ளின், அதற்கு மேல் என்றால் மெஃப்லோகுயின். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்றால் 730 கேப்ஸ்யூல். மெஃப்லோகுயின் என்றால் நூற்றுச் சொச்சம். உண்மையில், நான் பார்த்த நம்மவர்களில் மிகச் சிலரே மூன்று மாதத்துக்கு மேல் எதையும் தொடர்ந்தார்கள். "இங்கே இருக்கிறவர்கள் எல்லாம் மாத்திரையா சாப்பிடுகிறார்கள்?" என்பது வழக்கமான சமாதானம். நிறுத்துவதென்று ஆகிவிட்டால், மருந்து தெளித்த கொசுவலை, மாலையில் முழுக்கைச் சட்டை, டீட் கலந்த கொசு விரட்டி இவையாவது தவறக் கூடாது. அனாஃபிலிஸ் கடிப்பது அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசி, அதன்மேல் விரட்டியைத் தடவ வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இவை தேவைதான்.

வீட்டுப் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கும் குளோரோகுயினை ஆப்பிரிக்காவுக்கு நம்பவே கூடாது. அங்குள்ள ஃபால்சிபாரம் அதை எப்போதோ வென்றுவிட்டது. ஹைட்டி, மத்திய அமெரிக்கா போன்ற சில இடங்களில் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. நிலவேம்புக் குடிநீரும் ஹோமியோபதி உருண்டைகளும் மலேரியாவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அவற்றை நம்பி மாத்திரையை விடுவது விளையாட்டல்ல. தடுப்பூசி வந்துவிட்டதே என்று கேட்பார்கள். புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 உட்பட இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது, ஆனால் அவை மலேரியாப் பகுதியில் வாழும் குழந்தைகளுக்கானவை. பயணிகளுக்கு அல்ல.

ஆப்பிரிக்கா என்றாலே மாத்திரை என்பதும் சரியல்ல. அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த நகரத்துக்குள் மட்டும் நான்கு நாள் கூட்டம் என்றால் தேவைப்படாது. அதே எத்தியோப்பியாவில் தாழ்வான பகுதிக்கு இறங்கினால் தேவை. நாட்டின் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த ஊர், எந்த மாதம், இரவில் எங்கே படுக்கை என்று மருத்துவரிடம் சொல்வது அதற்காகத்தான். ஆபத்து மிகக் குறைவான இடங்களுக்குச் சில ஐரோப்பிய நாடுகளில் தினசரி மாத்திரை தராமல், காய்ச்சல் வந்து மருத்துவர் எட்டாத நிலையில் சாப்பிட ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் போன்ற சிகிச்சை மருந்தைக் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். ஃபால்சிபாரம் மலிந்த இடத்துக்கு இது மாற்றாகாது. எதுவானாலும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. போலி மருந்துகள் அங்கே பெரிய பிரச்சினை.

இலங்கையில் இருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அரசின் மலேரியா எதிர்ப்பு இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகவே தருகிறது. காரணம் வெறும் தயாளம் அல்ல. 1963இல் நாடு முழுக்க 17 நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கிய மலேரியா, கவனம் தளர்ந்ததும் 1968-69இல் பெருந்தொற்றாகத் திரும்பியது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற பிறகும் கொசு அங்கே இருக்கத்தான் செய்கிறது. வெளியிலிருந்து ஒருவர் உடம்பில் கிருமி வந்தால் போதும்.

மூன்று மருந்தும் தொடாத ஒரு மூலை இருக்கிறது. வைவாக்ஸும், ஓவாலே என்ற இன்னொரு வகையும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். உறங்குவதை அழிக்கப் பிரைமாகுயின் வகை மருந்து வேண்டும். அதற்கு முன் ஜி6பிடி நொதிப் பரிசோதனை அவசியம். அந்த நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

திரும்பி ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பது. சொல்லாவிட்டால் மழைக்காலத்தில் டெங்குவுக்குத்தான் பார்ப்பார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்த பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று ஒரு மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் அவருடைய அக்கா விடாப்பிடியாக வேறொரு இடத்துக்கு அழைத்துப்போய் மறுபடி எடுக்கச் சொன்னார். அந்த இரண்டாவது ரத்தத் தடவலில் இருந்தது ஃபால்சிபாரம். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறையாவது பார்த்த பிறகுதான் மலேரியா இல்லை என்று சொல்ல முடியும். அவர் பெட்டியைத் திறந்தபோது டாக்ஸிசைக்ளின் அட்டையில் இருபத்திரண்டு மாத்திரைகள் மீதம் இருந்தன.