வாசனை போய்விட்டது என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் குளியலறைத் தரைவழியாகச் சாக்கடை எதிர்த்து வந்துவிட்டது. கட்டடத்தின் மெயின் குழாயில் ஈரத்துடைப்புத் தாளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருக்கிறது. மாடியில் இருக்கிறவர்கள் விடும் தண்ணீர் போக வழியில்லாமல், இருப்பதிலேயே தாழ்வான துவாரமான எங்கள் வீட்டுத் துவாரத்தில் பொங்கிவிட்டது. மெயின் சுவிட்ச் வெளியே இருந்ததால் முதலில் அதை அணைத்தோம். (உங்கள் வீட்டில் தண்ணீருக்குள் நின்றுதான் அணைக்க முடியும் என்றால் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.) அப்புறம் மாடி மாடியாக ஓடி, "குழாயைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் படுக்கையறை வரை கணுக்கால் அளவுக்கு நின்றது.

அடைப்பை எடுத்த கையோடு ஒரு சுத்தம் செய்யும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "முழுக் கிருமிநீக்கம், ஒரே நாளில் முடித்துவிடுவோம்" என்றார்கள். இரண்டு பையன்கள் வந்தார்கள். கையில் உறை இல்லை, முகத்தில் மாஸ்க் இல்லை, காலில் சாதாரணச் செருப்பு. கழிவுநீரில் மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் வரவைக்கும் கிருமிகள் இருக்கலாம். அந்த நிலையில் அவர்களை அனுப்பிய நிறுவனத்தின் மேல்தான் எனக்குக் கோபம். வீட்டிலிருந்த ரப்பர் கையுறையை எடுத்துக் கொடுத்தேன்.

தண்ணீரை இறைத்தார்கள், மாப் போட்டார்கள். பெரிய காற்றாடியை ஓடவிட்டு, நுரைக்க நுரைக்க ஏதோ ஒன்றைத் தெளித்தார்கள். படுக்கையறையைத் துடைத்த அதே வாளித் தண்ணீரோடு சமையலறைக்குள் போனார்கள். நான் தடுத்த பிறகுதான் தண்ணீரை மாற்றினார்கள். மூன்று மணி நேரத்தில் வீடு எலுமிச்சை மணத்தது. "வாசனையே இல்ல பாருங்க சார்" என்றார்கள். நானும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அலமாரியைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அதை நகர்த்திப் பார்த்தேன். பிளைவுட் பின்பலகை அப்பளம் மாதிரி பொருமியிருந்தது. சுவரில் நீர் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு சாண் வரை கரும்பச்சையாகப் பூசணம். சுவரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்கர்ட்டிங் பலகையைப் பெயர்த்ததும் அதன் பின்னாலிருந்து ஈரச் சேறு வழிந்தது. அதை யாரும் தொட்டே இருக்கவில்லை. நிறுவனத்தைக் கூப்பிட்டால், "சுவருக்குள்ளே எங்க வேலை இல்லையே" என்றார்கள்.

பிறகு வேறொருவரை அழைத்தேன். அவர் ஈரம் அளக்கும் கருவியோடு வந்தார். அவர் செய்ததைப் பார்த்துத்தான் முதலில் வந்தவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று புரிந்தது.

பூசணம் பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். அதனால் நனைந்த மெத்தை, கம்பளம், பிளைவுட், ஜிப்சம் போர்டு (சுவரில் பொருத்தும் ஜிப்சம் பலகை) எதையும் காயவைத்துக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. அவை கழிவுநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், மேலே தெளிக்கிற மருந்து உள்ளே எட்டாது. ஜிப்சம் போர்டு ஈரத்தை மேல்நோக்கியும் இழுக்கும், ஆகவே நீர் நின்ற கோட்டுக்கு மேலும் வெட்ட வேண்டும். டைல்ஸ் மாதிரி கெட்டியான தரையை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம்தான் கிருமிநாசினி போட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு தீர்ந்துவிடும். பாட்டிலில் எழுதியிருக்கிற அளவில் கலந்து, சொல்லியிருக்கிற நேரம் வரை தரை ஈரமாகவே நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் தெளித்த மறுநிமிடமே துடைத்துவிட்டார்கள். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். தரையைக் கழுவி முடித்த பிறகுதான் காற்றாடியை ஓடவிட வேண்டும். கழிவு தரையில் இருக்கும்போது ஓடவிட்டால் நுண்துளிகள் வீடு முழுக்கப் பறக்கும்.

ஆள் கூப்பிடும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: "சுவரைத் திறந்து பார்ப்பீர்களா? ஈரத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்?" பதில் மழுப்பலாக இருந்தால் அனுப்பிவிடுங்கள். அளந்து காட்டிய பிறகு மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் தூக்கிப்போடும் முன் படம் எடுத்து வையுங்கள். நான் முதல் நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் படங்களை வைத்துத்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்த அறையில் இப்போதும் யாரும் படுப்பதில்லை; சுவரின் அடிப்பகுதி இன்னும் ஈரம் காட்டுகிறது.