போலியா, தனியாரா? அக்கா மகனுக்காக ஏறி இறங்கிய மூன்று வாசல்கள்

உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வு முடிவு வந்த வாரம் அக்கா வீட்டில் இதே பேச்சுதான்: பையனைப் போலியில் சேர்ப்பதா, தனியாரிலா? தஞ்சாவூரிலிருந்து வந்து தங்கியிருந்த சித்தப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சே எதுக்கும்மா போலிக் காலேஜுல சேக்குறீங்க?" என்று கேட்டேவிட்டார். பாலிடெக்னிக்கைச் சிங்கப்பூரில் நாம் அப்படிச் சுருக்குவது அவருக்கு எப்படித் தெரியும்? "பலதுறைத் தொழிற்கல்லூரி சித்தப்பா" என்று வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்திச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

பையனுக்கு அனிமேஷன் பைத்தியம். கணக்கு நோட்டைப் புரட்டினால் ஓரத்தில் ஒரு குட்டி மனிதன் ஓடுவான். உள்ளே கணக்கு சுமார்தான். அவனுக்காக நாங்கள் பார்த்தது மூன்று வழி: போலி, சின்னத் தனியார் கல்லூரி, கேம் உருவாக்கம் கற்றுத்தரும் டிஜிபென்.

முதலில் பணம். சிங்கப்பூர்க் குடிமகனுக்குப் போலிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. மீதியை அரசாங்கம் போடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பணம் போடும் எட்யூசேவ் கணக்கில் மிஞ்சியது மாறிப்போகும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கையும் எடுக்கலாம், அப்பா அம்மாவின் மத்திய சேமநிதியையும் தொடலாம். தனியாரில் பெரும்பாலும் இந்த வசதிகள் கிடையாது. நாங்கள் போய்ப் பார்த்த ஒரு சின்னக் கல்லூரியில் ஓராண்டு டிப்ளோமாவுக்கே 20,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். அதாவது போலியின் மூன்று ஆண்டுக்கும் ஆவதைப்போல இரண்டு மடங்கு. கணினி நம் செலவு.

இதோடு முடிந்திருந்தால் அலசலே தேவையில்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பையன் தன் மடிக்கணினியில் செய்து வைத்திருந்த ஒரு பந்தைக் காட்டினான். துள்ளித் துள்ளிப் போகும், அவ்வளவுதான். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குதிக்குது. ஆனா கனமே இல்லையே" என்றார். அப்புறம் திரையிலேயே பந்தின் ஒவ்வொரு நிலையையும் புள்ளியாக வைத்தார். நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 படம். பையனின் புள்ளிகள் எல்லாம் ஒரே இடைவெளியில், கோலத்துக்கு வைத்தமாதிரி இருந்தன. அவர் உச்சியில் புள்ளிகளை நெருக்கினார், தரைக்குப் பக்கத்தில் அகலமாக்கினார். மேலே போகும்போது வேகம் குறையும், விழும்போது கூடும், அதுதான் கனம். அடுத்த துள்ளலின் உயரத்தைப் பாதிக்குப் பாதி வெட்டினார். ஓட்டிக் காட்டினால், அதே வட்டம் இப்போது கிரிக்கெட் பந்து! மொத்தம் பத்து நிமிடம். அந்த வகுப்பில் 12 நாற்காலிதான். சின்ன இடத்தின் பலம் இதுதான், இதற்குத்தான் அந்த விலை என்று எனக்கு அங்கேயே புரிந்தது.

அன்றிரவு பதினொரு மணிக்கு அக்கா வீட்டில் 'தொம் தொம்' என்று சத்தம். பையன் ஆரஞ்சுப் பழத்தையும் டென்னிஸ் பந்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தான். வீவக அடுக்குமாடி வீடு, கேட்க வேண்டுமா? கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்துவிட்டார்.

எல்லாச் சின்னக் கல்லூரியும் அப்படி என்று நினைக்க வேண்டாம். இன்னொரு இடத்தில் வரவேற்பறைச் சுவரில் பிரமாதமான ஷோரீல், அதாவது செய்த வேலைகளைத் தொகுத்த காணொளி, ஓடியது. "போன வருஷம் முடித்தவர்கள் செய்ததா?" என்று கேட்டேன். ஆலோசகர் சிரித்தார், பதில் வரவில்லை. கடைசியில் ஓடிய எழுத்தில் ஆண்டு இருந்தது: ஏழு வருடம் பழசு. கையோடு, இன்றே கையெழுத்துப் போட்டால் விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி என்றும் சொன்னார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தனியார் பக்கம் போகிறவர்கள் அந்தப் பள்ளியின் எட்யூட்ரஸ்ட் தரச் சான்றிதழ் எத்தனை ஆண்டுக்கு என்று பார்க்க வேண்டும். நான்காண்டுச் சான்றிதழ் நல்லது, ஓராண்டுத் தற்காலிகச் சான்றிதழ் என்றால் யோசிக்க வேண்டும். பள்ளி மூடினாலும் பணம் போகாமலிருக்கக் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் உண்டு, ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளிகள் திடீரென மூடி மாணவர்கள் தெருவில் நின்ற காலம் இங்கே உண்டு. 2009இல் தனியார் கல்விச் சட்டம் வந்ததே அதன் பிறகுதான். பையன் என்றால் தேசிய சேவை என்ற கட்டாயப் பணியும் இருக்கிறது. போலி முடிக்கும்வரை ஒத்திவைப்பு வழக்கமாகக் கிடைக்கும். தனியாரில் 'கிடைக்கும்' என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

டிஜிபென்னைப் பையன் ஒரு கோவில்போலப் பார்த்தான். அமெரிக்காவில் ரெட்மண்டில் இருக்கும் சின்னத் தனியார் கல்லூரி அது. அங்கே மாணவர்கள் செய்த 'நார்பாக்குலர் டிராப்' என்ற விளையாட்டைப் பார்த்து வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது, அதிலிருந்து 2007இல் 'போர்ட்டல்' என்ற விளையாட்டு வந்தது. சிங்கப்பூருக்கு 2008இல் வந்தார்கள், அப்புறம் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து பட்டம் தருகிறார்கள். அதனால் பெயர் தனியார் என்றாலும் அந்தக் கூட்டுப் பட்டத்துக்கு அரசாங்க மானியம் உண்டு. ஆனால் அது பட்டப்படிப்பு, ஓ நிலை முடித்த கையோடு போகிற இடமில்லை. நிரலாக்கப் பிரிவில் விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருளான கேம் எஞ்சினையே சி++ நிரல்மொழியில் சொந்தமாக எழுத வைப்பார்கள், கணக்கு பின்னி எடுக்கும். ஓவியப் பிரிவு வேறு உலகம். "கேம் விளையாடப் பிடிக்கும்" என்பதை மட்டும் நம்பி நிரலாக்கத்துக்குப் போனால் முதல் ஆண்டே மூச்சு வாங்கும்.

'படித்து முடித்தால் எதிரிலேயே ஸ்டூடியோ' என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஒன்-நார்த் வட்டாரத்தில் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த லூகாஸ்ஃபிலிமின் சேண்ட்கிராலர் கட்டடத்தைக் காட்டாத ஆலோசகர் ஒரு காலத்தில் கிடையாது. 2023இல் அங்கிருந்த அதன் காட்சி விளைவுப் பிரிவான ஐஎல்எம் ஸ்டூடியோவை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், 300க்கும் மேற்பட்டவர்களின் வேலை அதில் போனது. 17 வயதில் அனிமேஷனைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பவன் 20 வயதில் மனம் மாறினால் கையில் என்ன இருக்கும்? போலி டிப்ளோமாவை வைத்துக்கொண்டு என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களின் கதவைத் தட்டலாம். தனியார் டிப்ளோமாவுக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை.

அதனால் என் கட்சி இது: சின்னத் தனியார் கல்லூரி நல்ல இரண்டாவது பள்ளி, முதல் பள்ளி இல்லை. தன் ஷோரீலில் எது குறைகிறது என்று தெரிந்த 22 வயதுக்காரனுக்கு அந்த ஓராண்டு தங்கம். பையன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. போலியில் தகவல் தொடர்புத் திறன் வகுப்பில் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று முனகினான். வேண்டும் என்றேன். அவன் குறுஞ்செய்திகளைப் படிப்பவன் நான்.

கடைசியில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் டிப்ளோமாவை முதல் விருப்பமாகப் போட்டான், இடமும் கிடைத்தது. அக்கா அந்த 20,000 வெள்ளியை நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு, தேசிய சேவை முடித்து வந்து கேட்டால் பார்க்கலாம் என்றிருக்கிறார். பையன் போன வாரமே கேட்டுவிட்டான்.