தடா நிதி விழாவில் ஜப்பானியக் குடும்பங்களின் விளையாட்டுக் கடைகள்: ஒரு மதிப்புரை

ஆந்திர–தமிழ்நாட்டு எல்லையில் உள்ள தடாவை அடுத்த பள்ளி மைதானம் ஒன்றில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேரப் பயிற்சி மையத்துக்கு நிதி திரட்ட அண்மையில் ஒருநாள் விழா நடந்தது. அங்கிருந்த விளையாட்டுக் கடைகள் அனைத்தையும் ஸ்ரீ சிட்டியில் பணிபுரியும் ஜப்பானியர்களும் அவர்களது குடும்பத்தினருமே ஏற்று நடத்தினார்கள். இசுசு, கோபெல்கோ, டைகின் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இந்தத் தொழிற்பேட்டையில் இருந்தும், ஆரம்பாக்கம், சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்து மக்களில் பலர் அங்கு பணிபுரியும் வெளிநாட்டவரை நெடுஞ்சாலையில் விரையும் வாகனத்தின் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட விடுவதோடு நில்லாமல், ஆடக் கற்றுக்கொடுத்தும் அனுப்பியதால், நான் இதுவரை பார்த்த நிதி விழாக் கடைகளில் இவற்றையே முதலிடத்தில் வைப்பேன்.

கூட்டம் அதிகம் மொய்த்தது தொட்டிக் கடையில்தான். பிளாஸ்டிக் வளையத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய சிறு கரண்டியால், நீரில் மிதப்பவற்றைக் காகிதம் கிழியும் வரை அள்ள வேண்டும். ஜப்பானியக் கோவில் திருவிழாக்களில் தங்கமீனை அள்ளும் இந்த விளையாட்டுக்கு, நாரா மாநிலத்தின் யமதோகொரியாமா நகரில் 1995 முதல் தேசியப் போட்டியே நடத்துகிறார்கள். தடாவில் மீனுக்குப் பதிலாக வண்ண ரப்பர் பந்துகளை மிதக்க விட்டிருந்தார்கள். வெயிலில் சூடேறும் தொட்டியிலும் பிறகு பாலிதீன் பையிலும் அடைபட்டு வீடு போய்ச் சேரும் மீன் நெடுநாள் பிழைப்பதில்லை என்பதால், இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

கரண்டியைச் செங்குத்தாக முக்கியவர்கள் எல்லோரும் முதல் நொடியிலேயே தோற்றார்கள். கடையில் நின்ற நடுவயதுப் பெண்மணி, அடுத்த கரண்டியை நீட்டுவதற்கு முன்பு, தன் கரண்டியால் செய்தே காட்டினார். பாதி நனைந்த காகிதம் ஈரமும் உலர்வும் சேரும் கோட்டில் கிழிந்துவிடும் என்பதால் முதலில் முழுவதையும் ஒரே முறையில் நனைத்துவிட வேண்டும். பிறகு சாய்வாக உள்ளே விட்டு, பந்தை வளையத்தின் விளிம்போரம் ஏந்தி, நீரின் எடை காகிதத்தின் மேல் ஏறாதபடி பக்கவாட்டில் வெளியே எடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட சிறுமி ஒருத்தி அடுத்தடுத்துப் பந்துகளைக் கிண்ணத்தில் சேர்த்தபோது, அந்தப் பெண்மணிதான் முதலில் கைதட்டினார். கடைக்காரரே ஆடுபவரின் வெற்றியை விரும்பும் காட்சியை நம் பக்கத்துத் திருவிழாக்களில் நான் அதிகம் கண்டதில்லை. குழல் கோணிய பலூன் துப்பாக்கியும், சோப்புப் பெட்டியில் விழவே விழாத வளையமும் நமக்குப் பழகிப்போய்விட்டன. இங்கே வளையம் எறியும் பலகையில் வளையம் முளையைவிடத் தாராளமாகப் பெரிதாக இருந்தது; சிறு பிள்ளைகளுக்கு எல்லைக் கோட்டை முன்னே நகர்த்திப் போட்டார்கள்; சக்கர நாற்காலியில் வந்த மையத்துக் குழந்தைகளுக்காகப் பலகையையே தூக்கி வந்து அருகில் வைத்தார்கள்.

நீர் நிரப்பிய பலூனை முறுக்கிய காகித நூலில் கட்டிய கொக்கியால் தூக்கும் கடையும் அருமையாக இருந்தது. நூல் நனைந்தால் அறுந்துவிடும் என்பதால் பதற்றமில்லாத கை வேண்டும். தக்கைத் துப்பாக்கிக் கடையில் துப்பாக்கி ஒன்றே ஒன்று இருந்ததால், வரிசை நகரவே இல்லை.

ஒரு டோக்கன் இருபது ரூபாய். பரிசுகள் பென்சில், விசிறி, காகிதத்தில் மடித்த கொக்கு போன்ற சிறு பொருள்கள்தாம். தோற்றவர்களுக்கும் ஏதேனும் ஒன்று கிடைத்தது. இந்த அளவு சரியானது என்றே கருதுகிறேன். பெரிய கரடி பொம்மையைக் காட்டி ஆசையைத் தூண்டினால், எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கையிலுள்ள காசு முழுவதையும் தொலைத்துவிட்டு அழுதபடி போவார்கள். பொருள்களுக்கான செலவைக் குடும்பங்களே ஏற்றுக்கொண்டதால் டோக்கன் பணம் முழுவதும் மையத்துக்குச் சேரும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாக அறிவித்தார்கள்.

குறைகளுக்கு விழாக் குழுவினரே பொறுப்பு. வந்தவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசுபவர்களாக இருந்தும், விதிப் பலகைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. ஆரம்பாக்கத்திலிருந்து வந்த பாட்டிமார் பேரப்பிள்ளைகளை ஆட விடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. எல்லை ஊரில் மூன்றாவது மொழிக்கு ஒரு வரி ஒதுக்குவது அடிப்படை மரியாதை. இதை அவர்கள் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டும். மைதானத்தில் அலைபேசிச் சமிக்ஞை பலவீனமாக இருந்ததால் கியூஆர் வழியே பணம் செலுத்த முடியாமல் பலர் தவித்தார்கள். டோக்கன் மேசையிலும் சில்லறை இல்லை. கடைகளுக்கு மேல் பந்தல் இருந்தும், வரிசையில் நின்றவர்களுக்கு நிழல் இல்லாதது கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களை வாட்டியது.

மறுமுறை நடந்தால் தயங்காமல் போகலாம். சென்னை, கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து வருபவர்களுக்குச் சூளூர்ப்பேட்டை செல்லும் மின்தொடர் வண்டி தடாவில் நிற்கிறது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். குழந்தைகளை முதலில் தொட்டிக் கடைக்கு அழைத்துச் சென்று, துப்பாக்கிக் கடையைக் கூட்டம் குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.