கிரஸ்ட் மேசைக்கு மேல் ஒரு கேமரா: தோல் ரகம் பிரிக்கும் ஏஐ மெஷினை வாங்கலாமா?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருக்கும் ஊர்களில் விற்கப் பார்க்கும் மெஷின்களில், கேமராவில் தோலின் குறையைப் பார்த்து ரகம் சொல்லும் இது ஒரு வகை. ஆய்வகத்தில் பிறந்து, கட்டுரையாகி, ஸ்டார்ட்அப்பாகி, ‘துல்லியம் 95 சதவீதம்’ என்ற ஸ்லைடோடு வாசலில் வந்து நிற்கும். இங்கே பார்ப்பது ஆட்டுத்தோல் கிரஸ்ட்டுக்கான (பதனிட்டு உலர்த்திய, இறுதிப் பூச்சு இன்னும் போடாத தோல்) 1 மீட்டர் அகல மெஷினை. தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். யாருடைய மெஷினாக இருந்தாலும் கேட்கவேண்டியது இதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிரஸ்ட்டுக்கு வாங்கலாம், நிபந்தனையோடு. வெட் புளூவுக்கு (குரோமில் பதனிட்டு இன்னும் ஈரமாக இருக்கும் தோல்) வேண்டாம்: ஈரப் பளபளப்பும் மடிப்பும் சேர்ந்து பாதித் தோலைக் கீறல் தோலாக்கிவிடும். அசார்ட்டரை (கையால் தோலை ரகம் பிரிப்பவரை) வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற கணக்கில் வாங்குவதாக இருந்தால், வாங்கவே வேண்டாம்.

பாகங்கள் அதிகமில்லை. கன்வேயர், மேலே 4096 பிக்சல் லைன் ஸ்கேன் கேமரா (ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் படம்பிடிப்பது), இரண்டு எல்இடி பட்டை விளக்கு, தோல் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க ரோலரில் ஒரு என்கோடர், ஜிபியு (படக் கணக்கை வேகமாகப் போடும் சிப்) போட்ட கம்ப்யூட்டர், ரகத்தைக் காட்டும் திரை. 1 மீட்டரை 4096-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் உண்ணிக் கடி நான்கு பிக்சல் அகலத்தில் விழும், அது போதும். இதே கேமராவை உயர்த்திக் கட்டி 2 மீட்டர் அகலத்துக்கு மாட்டுத்தோலும் பார்க்கலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே கடி இரண்டே பிக்சலாகிவிடும், தூசிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

விலையில் பெரும்பங்கு மென்பொருளுக்கு என்று கொட்டேஷனில் இருக்கும். ஆனால் மெஷின் ஓடுவதும் ஓடாததும் விளக்கில்தான் இருக்கிறது. கீறல் தெரிய வெளிச்சம் தோலை உரசுவதுபோல் தாழ்வாகப் பக்கத்திலிருந்து வரவேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் நிழல் விழும். கறை, சாயத் திட்டு தெரிய நேர்மாறாக, நிழலே விழாத பரவலான வெளிச்சம் வேண்டும். ஒரே விளக்கில் இரண்டும் நடக்காது. நல்ல மெஷினில் இரண்டு விளக்கும் வரிக்கு வரி மாறி மாறி மின்னும். கன்வேயர் நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடினால் கேமரா நொடிக்குச் சுமார் 1,330 வரி எடுக்கவேண்டும். இரண்டு விளக்குக்கு அது 2,660 வரி. கேமராவின் வரி வேகத்தை ஸ்பெக் ஷீட்டில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மேலே கருப்புத் துணியோ தகரக் கூண்டோ கட்டாமல் வைத்தால், கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக 11 மணிக்கு விழும் வெயில் ஒரு லாட்டையே (ஒரு தொகுதித் தோலையே) கீழ் ரகமாக்கிவிடும்.

அடுத்தது தூசி. பஃபிங் மெஷின் (தோலைத் தேய்த்துச் சமன்செய்வது) அதே ஷெட்டில் இருந்தால் தோல் தூள் லென்ஸில் உட்காரத்தான் செய்யும். லைன் ஸ்கேனில் ஒரு துகள் புள்ளியாகத் தெரியாது. எல்லா வரியிலும் அதே இடத்தில் இருப்பதால், தோலின் நீளம் முழுக்க ஒரு நேர்கோடாகத் தெரியும். மாடலுக்கு, அதாவது படங்களில் பயின்று ரகம் சொல்லும் மென்பொருளுக்கு, அது கீறல். காலையில் சரியாக இருந்த மெஷின் மதியத்துக்கு மேல் வரிசையாக ரகத்தைக் குறைத்தால் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எல்லாத் தோலிலும் அதே இடத்தில், அதே கோடு. மென்பொருள் ஆளைக் கூப்பிட வேண்டாம், லென்ஸைத் துடைத்தால் போதும். ஷிஃப்டுக்கு ஒருமுறை வெள்ளைத் தகட்டை ஓடவிட்டு வெளிச்சத்தைச் சமன்செய்யும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது இன்னும் ஆய்வக மெஷின்தான்.

கம்ப்யூட்டரைச் சுண்ணாம்புத் தொட்டி இருக்கும் பக்கமோ கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கமோ வைக்கக்கூடாது. அங்கே வரும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். முதலில் கனெக்டர் கருக்கும், பிறகு மெஷின் காரணமே இல்லாமல் நின்று நின்று ஓடும். அக்னி நட்சத்திரத்து வேலூர் வெயில் தனிப் பிரச்சினை: சூடேறினால் ஜிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கன்வேயர் முந்திக்கொள்ளும், தோல் ரகம் எழுதப்படாமலே வெளியே வரும். மூடிய அலமாரி, அதற்கென்று சின்ன ஏசி, ஒரு யுபிஎஸ். இவை கொட்டேஷனில் இருக்காது, நீங்கள்தான் சேர்க்கவேண்டும்.

‘எல்லாம் கிளவுடில்’ என்றால் கணக்குப் போடுங்கள். ஒரு ஆட்டுத்தோல் படம் சுமார் 14 எம்பி. நாளைக்கு 2,000 தோல் என்றால் 28 ஜிபி. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் அதை ஏற்றவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், இணையம் அறுந்தால் லைன் நிற்கும். ரகம் சொல்லும் வேலை மெஷின் பக்கத்திலேயே நடக்கவேண்டும்.

இனி அந்த 95 சதவீதம். 100 தோலில் 5 தோலுக்கு மட்டும் அம்மைத் தழும்பு என்று வைத்துக்கொள்வோம். ‘எதிலும் தழும்பு இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே துல்லியம் 95 சதவீதம்! ஆகவே ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: இருந்ததில் எத்தனையைப் பிடித்தது, பிடித்ததில் எத்தனை நிஜம். அதையும் விற்பவர் கொண்டுவரும் தோலில் பார்க்கக்கூடாது, உங்கள் தோலில் பார்க்கவேண்டும். எல்லா ரகமும் கலந்து 200 கிரஸ்ட் எடுத்து எண் போடுங்கள். இரண்டு அசார்ட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரகம் எழுதட்டும். பிறகு அதே 200-ஐ மெஷினில் மூன்று முறை விடுங்கள்; ஒருமுறை தலைப்பக்கம் முன்னால், ஒருமுறை வால்பக்கம், ஒருமுறை குறுக்கே. ஒரே தோல் மூன்று முறையில் இரண்டு ரகம் வாங்கினால் தாழ்வெளிச்சம் ஒரு திசைக் கீறலை மட்டும் பார்க்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். உங்கள் அசார்ட்டர்கள் இருவரும் 160 தோலில்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், மீதி 40-க்கு மெஷினைக் குறை சொல்லாதீர்கள். எது சரியான ரகம் என்று உங்களிடமே பதில் இல்லை.

கேமராவால் முடியாதது ஒன்று உண்டு. அசார்ட்டர் தோலைக் கையில் எடுத்ததும் கிரெயின் பக்கத்தை (முடி இருந்த மேல்புறத்தை) உள்நோக்கி மடித்துக் கட்டைவிரலால் அழுத்துவார். மடிப்பில் மெல்லிய சுருக்கம் விழுந்தால் தோல் இறுக்கம், தடித்த சுருக்கம் எழும்பினால் லூஸ் கிரெயின், அதாவது மேல்புறம் தளர்ந்த தோல். தட்டையாகப் படுத்துக் கிடக்கும் தோலில் இது தெரியவே தெரியாது. ஷூவின் வேம்ப்புக்கு (மேல்பக்கத்தின் முன்பகுதிக்கு) அந்தத் தோல் போனால் நாலு அடி நடந்ததும் முன்பக்கம் நெளியும். அதனால் மெஷின் குறையைப் பார்த்துப் பிரிக்கட்டும், மேல் ரகத்தை மட்டும் ஆள் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும்.

சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து பதனிடும் முறைகள் டிரம்முக்கு (தோலைப் பதனிடும் சுழலும் பீப்பாய்க்கு) வந்து பழகிய தொழில் இது. ரெசிபி என்பது எழுதி வாங்கக்கூடிய சமாச்சாரம்: எடையில் 8 சதவீதம் பேசிக் குரோமியம் சல்பேட் (பதனிடும் உப்பு), பிஎச் 3.8-ல் முடி, இத்தனை மணி நேரம் ஓட்டு. மாடலை அப்படி ஒருமுறை வாங்கிவிட்டு உட்காரமுடியாது. 2022-ல் தோல் கழலை நோய் பெரிய அளவில் பரவியபின் மாட்டுத்தோலில் வந்த தழும்பை, அதற்கு முந்தைய படங்களில் பயின்ற மாடல் அதிகம் பார்த்திருக்காது. புதுச் சாயம், வேறு மாநிலத்துத் தோல், எது வந்தாலும் மறுபயிற்சி தேவை.

ஒப்பந்தத்தில் சண்டை போடவேண்டிய இடமும் அதுதான். வருடத்துக்கு எத்தனை மறுபயிற்சி இலவசம், உங்கள் அசார்ட்டர் குறித்துக் கொடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம், அவற்றில் பயின்ற மாடலைப் பக்கத்து டேனரிக்கு விற்கலாமா, கம்பெனி மூடிவிட்டால் மாடல் கோப்பு உங்கள் கைக்கு வருமா. ‘பேட்டன்ட் பெற்றது’ என்றால் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். விண்ணப்பித்ததும் வழங்கப்பட்டதும் ஒன்றல்ல, வெறும் அல்காரிதத்துக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவில் பேட்டன்டே கிடையாது. கடைசித் தவணையை நிறுவிய அன்றைக்குக் கொடுத்துவிடாமல், ஒரு மே மாதம் முழுக்க ஓடியபின், அதே எண் போட்ட 200 தோலை மறுபடி விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அந்தத் தோல்களை விற்றுவிடாமல் தனியாக, மடிக்காமல் எடுத்து வையுங்கள்.