வீட்டில் கட்டிய காரில் பிரேக் ஆயில் டப்பா: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

இங்கிலாந்தில் லோகாஸ்ட் என்றொரு வகைக் கார் உண்டு. லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் சதுரக் குழாய்களை வெல்டு செய்து, பழைய ஃபோர்டு ஒன்றிலிருந்து எஞ்சினையும் பிரேக்கையும் கழற்றிப் பொருத்தி, வீட்டுக் கராஜிலேயே கட்டுவது. அப்படி ஒன்றைக் கட்டிச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். எஞ்சினைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பேசப்போவது பிரேக் ஆயில் டப்பாவைப் பற்றி மட்டும்.

கம்பெனி காரில் இந்த டப்பா, பெடலை மிதித்தால் பிரேக்குக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். லோகாஸ்டில் பானெட் தாழ்வு, பெடல் பாக்ஸும் குறுகல். என் வண்டியில் முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள். அதனால் டப்பாவும் இரண்டு. தனியே வைத்து ஹோஸ் மூலம் இணைக்க வேண்டும்.

பானெட்டுக்குள் எங்கே காலி இடம் இருக்கிறது என்று பார்த்து அங்கே டப்பாவை மாட்டுவதுதான் வழக்கம். நான் ஹோஸ் போகும் வழியை முதலில் முடிவு செய்தேன், டப்பாவின் இடம் அதிலிருந்து தானாக வந்தது. இத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் அந்த வரிசையைத்தான் சிபாரிசு செய்வேன். சிலிண்டரிலிருந்து டப்பாவின் அடிவரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்றுக் குமிழ் தங்கிவிடும். பிரேக் லைனிலிருந்து ஏர் எடுத்து முடித்ததும் பெடல் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் பெடலை விடும்போது சிலிண்டர் மேலிருந்து ஆயிலை இழுக்கும், அதோடு குமிழும் உள்ளே போகலாம். எந்த நாளில், எந்தச் சரிவில் போகும் என்று யார் கண்டது?

ஹோஸ் எந்த ரப்பர் என்பது அதைவிட முக்கியம். கையில் கிடைக்கிறதே என்று பெட்ரோல் ஹோஸை மாட்டாதீர்கள். அது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். இங்கே வேண்டியது ஈபிடிஎம் என்ற வேறு வகை ரப்பர். அந்த ஈபிடிஎம்முக்கோ பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் ஆகாது, எனவே எஞ்சினின் கசிவு படாத பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். கிளிப் விஷயத்திலும் கவனம் தேவை. ஸ்க்ரூ கிளிப்பை வேகத்தில் முறுக்கினால் டப்பாவின் பிளாஸ்டிக் முனை கீறிக்கொள்ளும். ஸ்பிரிங் கிளிப் போட்டிருக்கிறேன், ரப்பர் நாளடைவில் தளர்ந்தாலும் அது தானே இறுக்கிப் பிடிக்கிறது. இதுவரை ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

சூட்டுக்கு வருவோம். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி என்பது தர அளவு. டப்பாவில் அது கொதிக்கும் என்பதல்ல என் கவலை. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் பற்றிக்கொள்ளும், அதுதான் பயம். மேனிஃபோல்டுக்கு நேர் மேலே டப்பா வரவே கூடாது. என்னுடையது மேனிஃபோல்டிலிருந்து விலகி, எஞ்சினுக்கும் ஓட்டுநர் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. கீழே ஒரு சிறிய தகரத் தட்டு வைத்து, சிந்துவது பெயின்ட் இல்லாத பக்கமாக வடியும்படி செய்தேன். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பிக்கலாம்.

குறை என்று சொன்னால் பிராக்கெட்தான். டப்பாவோடு சேர்த்து விற்ற மெல்லிய அலுமினிய எல் வடிவத் துண்டு, இரண்டாவது கோடையில் மடிப்பிலேயே விரிசல் விட்டது. விற்றவர் பெயர் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறு பக்கம் அந்தரத்தில் நின்றால் அதிர்வுக்கு அந்த மடிப்புதான் பலி. இப்போது இருப்பது 2 மி.மீ. இரும்புத் தகடு, இரண்டு ஓரமும் மடித்தது. ஃபயர்வால் வெறும் 1.2 மி.மீ. அலுமினியம் என்பதால், போல்ட் தகட்டைக் கிழிக்காமலிருக்கப் பின்னால் 3 மி.மீ. பட்டை கொடுத்து அதிர்வில் கழலாத நைலாக் நட் போட்டேன். ரப்பர் புஷ் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை: டப்பா ஆடினால் அந்த இழுப்பு முழுவதும் ஹோஸ் முனையில்தான் விழும்.

டப்பாவின் அளவையும் கணக்குப் போட்டு வாங்குங்கள். பிரேக் பேடு தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். 54 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் இரண்டு பேடும் தலா 8 மி.மீ. தேய்ந்தால் சுமார் 36 மி.லி. போகும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் 70 மி.லி.க்கு மேல். ரேஸ் கார் அழகுக்காக விற்கும் குட்டி டப்பாக்கள் சில இதற்கே போதாது. அப்புறம், அலுமினியத்தில் கடைந்தெடுத்த பளபள டப்பாவை நான் ஒதுக்கினேன். திறக்காமலே மட்டம் தெரிய வேண்டும் என்பது இங்கே வீட்டில் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் ஐவிஏ சோதனையிலும் பார்க்கப்படும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கோடு போட்டு, மூடியில் மிதவை ஸ்விட்ச் இருப்பதே எனக்குப் போதும். டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அவ்வப்போது மிதவையைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன்.

கிளட்ச்சுக்கும் அதே டப்பாவிலிருந்து ஆயில் எடுப்பதாக இருந்தால், அதன் முனை பக்கவாட்டில் உயரத்தில் இருக்க வேண்டும். கிளட்ச் லைன் ஒழுகித் தீர்ந்தாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்கும்.

இப்போதைய நிலை: பிளாஸ்டிக் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, மட்டக்கோடு இன்னும் தெரிகிறது. ஒரு மூடிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப்போனதால் மாற்றினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். அடுத்த முறை ஹோஸையும் சேர்த்து மாற்றுவேன், டப்பாவும் பிராக்கெட்டும் அப்படியே இருக்கும்.