நாகர்கோவில் ஒருநாள் வேன் டூர்: முட்டம் லைட்ஹவுஸுக்கு கால் மணி நேரமா?

நாகர்கோவில்ல காலையில ஏத்திட்டு போயி ராத்திரி கொண்டு விடுற ஒருநாள் வேன் டூர்ல குடும்பத்தோட போனோம். பேரு வேண்டாம், இது மாதிரி நிறைய பேரு ஓட்டுதாங்க, ரூட்டும் ஏறக்குறைய ஒண்ணு தான், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, சாயங்காலம் முட்டம். ஏசி நல்லாட்டு இருந்துச்சு, டிரைவர் அண்ணன் தங்கமான ஆளு, மதியம் நிறுத்துன கடையில மீன்குழம்பு அருமை. ஆனா 5க்கு 3 ஸ்டார் தான். மீதி ரெண்டும் போனது முட்டத்துல.

திற்பரப்புல குளிக்க ரெண்டு மணி நேரம் விட்டவங்க லைட்ஹவுஸுக்கு குடுத்தது கால் மணி நேரம். கைடு தம்பி மைக்க புடிச்சு "கட்டுமரக்காரங்களுக்கு கரை தெரியணும்னு வெள்ளக்காரன் கட்டுனது, மேல போயி செல்பி எடுத்துட்டு வெரசா வாங்க"ன்னான், வரலாறு முடிஞ்சு போச்சு. நம்ம கடக்கரை ஆளுங்க சர்ச் கோபுரத்தையும் பின்னால தெரியுற மலையையும் ஒரே நேரா வச்சுப் பாத்தே கடல்ல இடம் புடிக்கிறவங்க. வெளக்கு அவங்களுக்கும் உதவும் தான், இல்லன்னு சொல்லல, ஆனா இப்படி ஒரு வெளக்கு கட்டாயம் வேணும்னு இருந்தது குமரிமுனைய சுத்திப் போற பெரிய கப்பலுக்கு. முட்டத்துக்கு பக்கத்து ஊரு கடியப்பட்டணத்துக்கு வெளிய கடல்ல பாறை கிடக்கு, பழைய இங்கிலீஷ் கடல் மேப்புல அதுக்கு க்ரோக்கடைல் ராக்னே பேரு, ராத்திரி தெரியாம கிட்ட வந்தா கப்பல் கதி அவ்வளவு தான். இந்த பகுதியே அப்போ திருவிதாங்கூர், தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1ல தான், அதையாவது சொல்லிருக்கலாம்ல.

நல்லவேளை வண்டியில கப்பல்ல வேல பாத்து ரிட்டயர் ஆன அண்ணாச்சி ஒருத்தர் இருந்தாரு. எங்க பையன் "தாத்தா, அவ்வளவு தூரம் தெரியணும்னா பல்பு எவ்வளவு பெருசு?"ன்னு கேக்க, "லே மக்கா, பல்பு சின்னது தான், கண்ணாடியில தான் வேலயே இருக்கு"ன்னு ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. ஃப்ரெனல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1820கள்ல கொண்டு வந்த லென்ஸாம், கண்ணாடி வளையங்கள வெங்காயத் தோல் மாதிரி சுத்தி சுத்தி அடுக்கி, நாலா பக்கமும் சிதறுற வெளிச்சத்த ஒரே கற்றையா கடல் பக்கம் தள்ளி விடும். பழைய லைட்ஹவுஸ்ல டன் கணக்குல எடை இருக்குற லென்ஸ பாதரசத் தொட்டியில மிதக்க விட்டிருப்பாங்க, விரலால தள்ளுனா கூட சுத்துமாம். அப்போ கரண்டு ஏது, டவருக்கு நடுவுல தொங்குற எடைக்கல்லு இறங்க இறங்க அது சுத்தும், கீழ வந்ததும் ஆளு கையால சாவி குடுத்து மேல ஏத்தணும், ராத்திரி முழுக்க இதே வேல தான். ஒவ்வொரு லைட்ஹவுஸுக்கும் மின்னுற கணக்கு வேற, செகண்ட எண்ணியே இது எந்த ஊருன்னு கப்பல்ல இருக்குறவன் சொல்லிருவான். பகல்ல வெளக்கு அறைக்கு திரை போடுறது எதுக்கு தெரியுமா? ராத்திரி வெளிச்சத்த வெளிய அனுப்புற அதே லென்ஸ் பகல்ல வெயில உள்ள குவிச்சு எதையாவது பொசுக்கிரும்! எங்க வீட்டுக்காரி அதக் கேட்டுட்டு வீடு வர அதையே சொல்லிட்டு வந்தா.

இப்போ கப்பல்ல ஜிபிஎஸ் இருக்கு, இது எதுக்கு இன்னும்னு கேக்கலாம். ஜிபிஎஸ் மக்கர் பண்ணா கண்ணால பாக்க ஒண்ணு வேணும்ல. 1927ல போட்ட லைட்ஹவுஸ் சட்டத்த மாத்தி 2021ல புது சட்டம் வந்திருக்கு, பழைய வெளக்குகள ஹெரிடேஜ்னு அறிவிச்சு கல்விக்கும் டூரிசத்துக்கும் பயன்படுத்தலாம்னு அதுலயே இருக்கு. உப்புக்காத்துல இரும்பு எவ்வளவு சீக்கிரம் துரு ஏறும்னு கடல் பக்கம் வீடு கட்டுனவங்கள கேளுங்க, இத காப்பாத்த பெயிண்ட் மட்டும் பத்தாது, கதை தெரிஞ்ச ஆளும் வேணும். டூர்காரங்க பத்து நிமிஷம் படிச்சுட்டு வந்து சொன்னாலே பாதி வேல முடிஞ்சுரும்.

இந்த மாதிரி டூர் எடுக்குறவங்க புக் பண்ணும்போதே முட்டத்துல ஒரு மணி நேரம் வேணும்னு பேசிருங்க, லைட்ஹவுஸ்ல பார்வையாளர்கள விடுற நேரத்தையும் கேட்டுக்கோங்க. முட்டி வலி உள்ளவங்க கீழ பாறை பக்கம் உக்காந்து சாயா குடிக்கலாம், ஆனா ஓரத்துக்கு போகாதீங்க, அலை சொல்லிட்டு வராது. திங்கக்கிழமை மட்டும் போட்டுராதீங்க, அன்னைக்கு அரண்மனை லீவு.