கவராயம் நன்று, மூலைமட்டம் சுமார்: ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் பற்றி

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக 160 ரூபாய்க்கு வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸை ஒரு மாதம் வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

கவராயத்தில் குறையில்லை. 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, கால்களின் விரிவை மாற்றாமல் பரிதியின் மேல் அடுத்தடுத்து ஆறு வில்கள் வெட்டிப் பார்த்தேன். திருகு நெகிழாதிருந்தால் ஆறாவது வில் தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும், அப்படியே விழுந்தது. 5, 6, 7 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை வரைந்தபோதும் இரு வில்களும் தெளிவாக வெட்டிக்கொண்டன. உடன் வரும் குட்டைப் பென்சிலை மட்டும் நன்றாகச் சீவிக்கொள்ள வேண்டும்.

சிக்கல் மூலைமட்டத்தில்தான். ஒரு கோட்டிலிருந்து 3 செ.மீ. தொலைவில் மகள் வரைந்த இணைகோடு, பத்து செ.மீ. போவதற்குள் 3.1 செ.மீ. தொலைவுக்கு விலகியிருந்தது. கை ஆடியிருக்கும் என்று அவளைக் கடிந்துகொண்டேன். நான் வரைந்தபோதும் அதே கதைதான். செங்கோணம் பிழையோ என்று ஐயுற்று, ஒரே புள்ளியில் ஒரு செங்குத்து வரைந்து, மட்டத்தைத் திருப்பிப் போட்டு மற்றொன்று வரைந்தேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. உண்மையில், செங்கோணம் சற்றுத் தவறியிருந்தாலும் இணைகோடு கெடாது: மட்டத்தை அளவுகோலை ஒட்டி நகர்த்தும்போது, அளவுகோல் இரு கோடுகளையும் வெட்டும் குறுக்குவெட்டியாக நிற்க, மட்டத்தின் அதே மூலை இரண்டு இடத்திலும் சம அளவுள்ள ஒத்த கோணங்களைத் தருகிறது; ஒத்த கோணங்கள் சமமானால் கோடுகள் இணையானவை. இது என் பள்ளிக் காலத்தில் எவரும் சொல்லித் தராத விஷயம்.

விரலால் தடவியபோதுதான் காரணம் பிடிபட்டது. அளவுகோலை ஒட்டி நகரும் விளிம்பின் ஓரத்தில், அச்சில் வார்த்தபோது தங்கிய பிளாஸ்டிக் பிசிர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் மட்டம் ஊஞ்சல்போல் ஆடியது. நைசான உப்புத்தாளால் நான்கைந்து முறை தேய்த்தபின் இணைகோடு சரியாக வந்தது.

கவராயத்துக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே தடவிப் பார்த்து வாங்குங்கள். மாற்றித் தரக் கேட்டபோது கடைக்காரர் முகம் சுளிக்காமல் மேலும் மூன்று பெட்டிகளைத் திறந்து காட்டினார். மூன்றிலும் அதே இடத்தில் அதே பிசிர்.